அக்கி எழுதிய இடம்

கத்தரிக்கோல் கேட்டாள் கங்கா. வாசலில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர ஒருவரும் அசையவில்லை. அவளே உள்ளே போய் எடுத்து வந்தாள்.

தம்பி பரசுராமனைத் தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கயிறு கட்டி அனுப்பியிருந்தார்கள் ஆஸ்பத்திரியில். பிள்ளைப்பாக்கம் முழுக்க அதற்குள் சேதி பரவியாயிற்று. பெஞ்சில் கிடத்தின கையோடு வண்டிக்காரன் பறந்துவிட்டான்.

"பிரிக்காத கங்கா," என்றார் அப்பாவு மாமா. வேலியோரம் நின்று துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தார். "இப்டியே எடுத்துனு போயிடலாம்."

"குளிப்பாட்டாமயா? அவன் இன்னா அனாதப் பொணமா?"

"வந்துகீற சீக்கு அப்டிம்மா."

கங்கா தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தொட்டால் ஒட்டாது, கையில் புண் இல்லாமல் பார்த்துக்கொள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். புண் இல்லை. கயிற்றை வெட்டினாள்.

அடப்பாவி, எப்படி இருந்த உடம்பு! லாரியில் பம்பாய் வரை போய்வந்து, சுங்குவார்சத்திரம் டீக்கடையில் சட்டையில்லாமல் உட்கார்ந்தால் கடையே அவனைத்தான் பார்க்கும். இப்போது விலா எலும்பும் தோலும்தான் மிச்சம். அந்த இடது விலாவில் பட்டையாக ஒரு வெளுத்த தழும்பு. அவள் கை அங்கே நின்றது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த இடத்தில்தான் அக்கி கொப்பளித்தது. லாரி இன்ஜின் சூடு என்றார்கள் எல்லாரும். பானை செய்யும் அப்பாவு மாமாதான் ஊருக்கே அக்கி எழுதுகிறவர். காவியைக் குழைத்து, கோழி இறகால் விலாவில் ஒரு சிங்கம் எழுதினார்.

"சிங்கம் காவலுக்குக் கீது. இனிமே எவன் கிட்ட வருவான்?" என்று ஊரெல்லாம் காட்டிச் சிரித்தான் பரசுராமன். அக்கியும் ஆறிப்போனது. ஆள் முன்னைவிடத் தெம்பாக லாரி ஏறினான்.

போன வாரம்தான் டாக்டரம்மா அதைக் கேட்டார்.

"முன்னாடி எப்பவாவது அக்கி வந்துச்சா? சின்ன வயசுல அம்மை?"

"ரெண்டும் வந்துது டாக்டர்."

"அந்த அம்மைக் கிருமி போகாதும்மா, உடம்புலயே பதுங்கிக் கிடக்கும். காவல் அணுக்கள் அதை ஞாபகம் வச்சு அடக்கிட்டே இருக்கும். எய்ட்ஸ் கிருமி புகுந்தா, ஆள் தெம்பா இருக்கும்போதே, முதல்ல அந்த ஞாபகத்தைக் கெடுத்துடும். காவலுக்கு ஆள் நிக்கும். ஆனா பழைய எதிரி எதிர்ல வந்தாலும் அடையாளம் தெரியாது. அதான் அக்கியா கிளம்பியிருக்கு. அப்பவே..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த அம்மை யாரிடமிருந்து வந்தது என்று கங்காவுக்குத்தானே தெரியும். முதலில் வார்த்தது அவளுக்கு. உள் அறையில் வேப்பிலையைப் பரப்பிக் கிடத்தி, கிட்டே போனால் காலை ஒடித்துவிடுவேன் என்று அம்மா தம்பியை மிரட்டிவைத்திருந்தாள். மத்தியானம் அம்மா கண்ணயர்ந்ததும் அவன் ஊர்ந்து வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டான். "அக்கா தனியா கீதே" என்றான். கொஞ்ச நாளில் அவனுக்கும் வார்த்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற அன்று, கண் எரியும் என்று என்னமாய் ஊரைக் கூட்டினான்! கங்காதான் அவன் நெற்றியில் கையை அணைகட்டிப் பிடித்துக்கொண்டாள்.

நினைத்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. வாய்விட்டு அழுதாள்.

பிறகு எழுந்து, வெயிலில் வைத்த அண்டாவில் மஞ்சளையும் வேப்பிலையையும் போட்டாள். தம்பியின் தலையைத் தூக்கப் பார்த்தாள். தண்ணீர் ஊற்ற ஒரு கை வேண்டும்; மற்றொரு கையால் மட்டும் தூக்க முடியவில்லை.

"மாமா," என்றாள், "இதே எடத்த தொட்டு நீதானே எழுதின? அப்பவே அவனுக்கு சீக்கு கீதாம். உனுக்கு இன்னா ஆச்சி, சொல்லு?"

அப்பாவு மாமா விலாவிலிருந்த தழும்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். பெஞ்சின் தலைமாட்டில் உட்கார்ந்து, விரல்களை ஒருதரம் பார்த்துக்கொண்டு, பரசுராமனின் தலையை இரண்டு கையாலும் தாங்கினார்.

"ஊத்தும்மா."

கங்கா சொம்பில் தண்ணீர் மொண்டாள். இடது கையை அவன் நெற்றியில் குறுக்கே அணைத்து வைத்தாள்.

"கண்ண மூடிக்கடா," என்று சொல்லிவிட்டு ஊற்றினாள்.