மருந்துத் தாள்

மாமா தண்ணீர் கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் வந்தபோதுதான், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளை நான் கிழிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பெரியம்மாவுக்கு எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்று நான் எழுதி, கொடுக்கக் கொடுக்கக் குறித்து வந்த தாள். அவர் போன பிறகும் தினம் பார்த்துப் பார்த்தே கண்ணில் படாமல் போய்விட்டது.

வீட்டை அம்மாவுக்கு என்று பெரியம்மா உயில் வைத்தது நிஜம். கை நடுங்கியதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கீழே கையெழுத்து அவர் போட்டதுதான். அடுத்த வீட்டுத் தையல்காரரும் அவர் மனைவியும் சாட்சி. ஆனால் எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான் எழுதியதை யார் மதிப்பார்கள் என்று பயந்து, "அக்கா தன் கையாலயே எழுதினாங்க" என்று அம்மா வக்கீலிடம் சொல்லிவிட்டாள். அது அப்படியே கோர்ட்டுக்குப் போய்விட்டது. யார் எழுதினாலும் உயில் செல்லும் என்று வக்கீல் பிறகொரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோது அம்மா முகத்தில் ஈயாடவில்லை. உயிலே பொய் என்று மாமா வழக்குப் போட்டிருக்கிறார். அந்த ஒரு பொய் வெளியே வந்தால் நிஜமும் அதோடு போய்விடும். எங்களுக்கு வேறு வீடு கிடையாது.

இன்று சாமான்களைப் பட்டியல் எடுக்க மாமா தன் வக்கீலின் குமாஸ்தாவோடு வந்திருந்தார். குமாஸ்தா கூடத்தில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

மாமா டம்ளரை வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து உயிலின் நகலை எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"இது யாரு எழுதினது?"

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "அக்காதாண்ணா. அவங்களுக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கணும்."

"மருந்துச் சீட்டுன்னா கோழி கிளறின மாதிரி இருக்கும். இது முத்து முத்தா இருக்கே." இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமா, அதே எழுத்துதான்."

அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அந்தத் தாளை அவள் ஒரு நாளும் முழுதாகப் படித்ததில்லை. பெரியம்மா போன அன்று காலை, கை பழகிய பழக்கத்தில், கடைசி வரியையும் நான்தான் எழுதினேன்: ஆறு பத்து, மூச்சு இல்லை.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் விரல் மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கத் தொடங்கியது. திங்கள் காலை. திங்கள் மதியம். வலி மாத்திரை, பாதி.

கூடத்தில் குமாஸ்தா தலையணைகளுக்கு வந்திருந்தார்.