கல்யாணக் கோட்டா

தாராவியில் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்த சந்தியாகு, மகள் ரோஸியின் கல்யாணத்துக்குச் சீனி கேட்டு ரேஷன் ஆபீசில் மனுப் போட்டிருந்தார். அறுபத்து மூணாம் வருஷம். சீனிக்கு அப்படியொரு தட்டுப்பாடு. குமாஸ்தா ஜகந்நாதன் மாட்டுங்காக்காரர், தமிழர். "கவலைப்படாதேயும். கல்யாணத்துக்குன்னு தனிக் கோட்டா இருக்கு. சனிக்கிழமை வாங்கிண்டு போம்" என்றார்.

சந்தியாகு காதில் விழுந்தது 'கோட்டை'. திருநெல்வேலிப் பக்கம் நெல் அளப்பார்களே, இருபத்தொரு மரக்கால், அந்தக் கோட்டை. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்கம்பக்கம் ஒரு வீடு விடாமல் ஏறி, "ஆளுக்கு ரெண்டு லட்டு!" என்று சொல்லிவிட்டு வந்தார்.

"சர்க்காரு அம்புட்டுச் சீனி தருமா? நல்லாக் கேட்டியளா?" என்றாள் மனைவி அன்னமேரி.

"எனக்கென்ன காது செவிடா, ஏளா?"

சனிக்கிழமை கைவண்டியும் மூணு சாக்குமாகப் போனார். ரேஷன் கடையில் ஐந்து கிலோ நிறுத்துக் கொடுத்தார்கள். பொட்டலத்தோடு நேரே ஜகந்நாதனிடம் ஓடினார். "ஐயா, ஒரு கோட்டைன்னு சொன்னிய. இது சாக்கோட அடியக்கூட மூடாதே!"

ஜகந்நாதனுக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. "கோட்டை இல்லை ஓய், கோட்டா! லத்தீன்லேருந்து வந்த வார்த்தை. 'எவ்வளவு பங்கு'ன்னு அர்த்தம்."

"லத்தீனா? பன்னெண்டு வருசமா பூசையில லத்தீன்ல பாடுதேன். ஒருநாளும் சாமியார் இதச் சொல்லலையே!"

வண்டி நடுவில் ஒற்றைப் பொட்டலத்தோடு திரும்பியவரை எதிர்வீட்டு நஸீரா வாசலிலேயே மறித்தாள். "மிச்ச வண்டியெல்லாம் பின்னால வருதா?"

உள்ளே போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அன்னமேரி விடுவாளா? போர்வையை உருவினாள்.

"எத்தன வீட்ல லட்டு சொன்னிய?"

"இருவத்தாறு."

"அத்தன வீட்லயும் ஒவ்வொரு தம்ளர் சீனி கேட்டு வாங்கிட்டு வாங்க."

கெஞ்சிப் பார்த்தார். கையில் பானை வந்ததுதான் மிச்சம்.

முதலில் எதிர்வீடு. தலையைக் குனிந்துகொண்டு பானையை நீட்டினார். நஸீரா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரோஸி எங்க பிள்ளைல்லா" என்று ரெண்டு தம்ளர் போட்டாள். பத்தாவது வீட்டுக்குள் வெட்கம் போய்விட்டது. ஜகந்நாதன் மாதிரியே பேசிக்காட்டிக் கேட்க ஆரம்பித்தார். பானை நிறைந்தது.

கல்யாணத்தன்று லட்டு எலுமிச்சம்பழ அளவில், ஆளுக்கு ஒன்று. சீனி கொடுத்தவர்கள் குடும்பத்தோடு வந்து, உரிமையோடு இன்னொன்றும் கேட்டு வாங்கினார்கள். கடைசிப் பந்தியில் சந்தியாகு உட்கார்ந்தபோது லட்டுத் தட்டு காலி. அன்னமேரி முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒன்றை எடுத்து, எல்லோரும் பார்க்க அவர் வாயில் திணித்தாள்.