ஆட்டிப் பார்த்த தொட்டில்

சிலருக்குச் சீட்டு, சிலருக்குச் சேவல், ஈஸ்வரபாண்டிக்கு மரம். கம்பத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் அவன் எழுத்தர். வாரமெல்லாம் ரசீதும் ரப்பர் முத்திரையுமாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்குள் புகுந்துவிடுவான். டிரில் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து வேறு தெருவுக்குப் போய்விடும்.

இந்தக் கிறுக்கு அவனுக்கு மட்டும் பிடித்ததல்ல. உத்தமபாளையத்தில் உரக்கடை நடத்தும் அமானுல்லா, காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் சுருளியாண்டி, ஏலக்காய் பேரம் பேச ஜீப்பேறிக் கேரள எஸ்டேட்டுகளுக்குப் போய்வரும் ரியாசுதீன் என்று மூன்று பேர் கூட்டாளிகள். நால்வருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. பெயர் ‘ஞாயிற்றுத் தச்சர்கள்’. திங்கட்கிழமை காலையில் அந்த வாரம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செய்ததைக் காட்ட வேண்டும். கோணலாகப் போனாலும் மறைக்கக் கூடாது. பெரும்பாலும் கோணலாகத்தான் போகும். சுருளியாண்டி கொட்டகைக்குள் உட்கார்ந்து ஒரு பீரோ செய்தார், அது வாசல் வழியாக வெளியே வரவே மாட்டேன் என்றுவிட்டது. இன்றைக்கும் அதில் பூச்சிமருந்து டப்பாக்கள்தான் குடியிருக்கின்றன.

அந்த மாசம் ஈஸ்வரபாண்டி கையில் எடுத்தது தொட்டில். மனைவி முனீஸ்வரிக்கு வைகை அணைப் பக்கம் தாய்வீட்டில் தலைப்பிரசவம் நடந்து, பெண்குழந்தை பிறந்திருந்தது. மூன்றாம் மாசம் தொட்டில் போட்டுப் பேர் வைக்கிறது புருஷன் வீட்டில் என்று பேச்சு. தொட்டில் சீர் தாய்மாமன் கொண்டுவர வேண்டியது. ஆனால் ஈஸ்வரபாண்டி ரோஷமாகச் சொல்லிவிட்டான், என் தலைப்பிள்ளை என் கையால் செய்த தொட்டிலில்தான் படுக்கும் என்று.

“செய்யிங்க மச்சான், செய்யிங்க. நீங்க செஞ்ச ஸ்டூலே அந்த ஆட்டம் ஆடுது, தொட்டில் ஆடாமலா போயிரும்?” என்றான் மைத்துனன் கார்த்திக்ராஜ். போனில் முனீஸ்வரி சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்பு ஈஸ்வரபாண்டிக்குச் சுருக்கென்று தைத்தது. சொன்னதைச் செய்து காட்டாவிட்டால் பெண்டாட்டி வீட்டில் காலம் முழுக்கத் தலை நிமிர முடியாது.

சுருளியாண்டி தோட்டத்தில் காற்றுக்கு ஒடிந்த பலாக் கிளை கிடந்தது. அறுத்துக் காயவைத்திருந்த அந்தப் பலகைகளைச் சும்மாவே கொடுத்தார். நல்ல மஞ்சள் மரம். ஈஸ்வரபாண்டி பொறுமையாக இழைத்தான், குழந்தையின் தோல் படும் இடத்தையெல்லாம் தன் கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தான். தொங்கும் இரண்டு முனையிலும் பேரிங் போட்டான். அவன் வாழ்க்கையில் கோணல் இல்லாமல் முடிந்த முதல் சாமான் அதுதான்.

முடிந்ததும் மரவேலைக்காரன் எவனும் செய்வதை அவனும் செய்தான். ஒரு தள்ளுத் தள்ளி ஆட்டம் பார்த்தான். கீச்சென்று ஒரு சத்தம் இல்லை. வழுக்கிக்கொண்டு போய் வந்தது. பெருமை தாங்கவில்லை. ஒரு கையில் போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே இன்னொரு கையால் ஆட்டினான். குஷியில் இரண்டு வரி ஆராரோவும் பாடினான். பாடினதோடு குழுவில் போட்டுவிட்டு, கிண்டல் வரட்டும் என்று காத்திருந்தான்.

முதலில் சுருளியாண்டி எழுதினார். “மாப்ள, தங்கச்சி வந்துருச்சா? சொல்லவே இல்ல. பிள்ளைக்கு அப்படியே உன் காது.”

அடுத்து அமானுல்லா. “மாஷா அல்லாஹ். நல்லா அசந்து தூங்குதே தம்பி. ஆமா, பொம்பளப் பிள்ளைன்னுல சொன்ன? இது பயலால்ல இருக்கு?”

ஈஸ்வரபாண்டி வீடியோவை மறுபடி பார்த்தான். பலகை தெரிந்தது, அதன் ரேகை தெரிந்தது, ஆட்டுகிற தன் கை தெரிந்தது. ரெண்டு பெருசுகளும் பேசிவைத்துக்கொண்டு கலாய்க்கிறார்கள் என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டான்.

மறுவாரம் தேன்மெழுகு தேய்த்து, பளபளவென்று ஒரு படம் போட்டான். அதுவரை சிக்னல் இல்லாத எஸ்டேட்டில் கிடந்த ரியாசுதீன் அப்போதுதான் கீழே இறங்கியிருந்தான். பழைய பேச்சு எதையும் அவன் பார்த்திருக்கவில்லை. “அண்ணே, பையன் குப்புற விழுந்துட்டானே! கொழுக்கட்டை அவிச்சுக் குடுத்தீகளா?” என்று கேட்டிருந்தான்.

குப்புற விழுகிற வயது போன வாரம் தூங்கின பிள்ளைக்கு எப்படி வந்தது என்று யோசித்தபோதுதான், இல்லாத பிள்ளைக்குத் தான் வயது பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்கு உறைத்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து உத்தமபாளையம் போனான். அமானுல்லா யூரியா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஈஸ்வரபாண்டி போனை நீட்டினான்.

“பாய், வெளையாட்டு போதும். பிள்ளை எங்கன இருக்கு, காட்டுங்க.”

அமானுல்லா சிரித்துக்கொண்டே சுண்டுவிரலால் தொட்டார். “இந்தா தலை. இந்தா முஷ்டிய மடக்கி வச்சுருக்கான். இது கால். என்ன தம்பி, நீ பெத்த பிள்ளைய என்கிட்ட கேக்குற?”

“என் பிள்ளை வைகை அணையில இருக்கு பாய். இன்னும் வரலை. எனக்கு இதுல பலகைதான் தெரியுது.”

அமானுல்லா அவன் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல அணைந்தது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். அந்நேரம் மோர் கொண்டுவந்த அவர் மனைவி சாபிரா, தோளுக்கு மேலாக எட்டிப் போனைப் பார்த்தாள்.

“யாரு பிள்ளைங்க? கண்ணோரத்துல ஈ மொய்க்குது பாருங்க. பாவம், ஒரு வலை வாங்கிப் போடச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெளியே ஜீப்காரன் கம்பம், கம்பம் என்று கூவிக்கொண்டிருந்தான்.

சுருளியாண்டிக்குச் சேதி போனதும் அவர் தன் மனைவி சங்கிலியம்மாளிடம் போனைக் கொடுத்தார். அந்தம்மா எடுத்த எடுப்பில் வைதாள். “வெறுந்தொட்டில ஆட்டுவாகளா எங்கயாச்சும்? ஆட்டுனதும் இல்லாம ஆராரோ வேற பாடியிருக்கீக! குழவிக் கல்லைத் துணியில சுத்திப் போட்டு ஆட்டிட்டுத்தானே பிள்ளையப் போடுவாக. மரமே கதின்னு கெடந்தா புத்தியும் மரமாவா போகும்?”

“தெரியாமச் செஞ்சுட்டேன் மதினி. இப்பக் கல்லைப் போட்டு ஆட்டட்டுமா?”

“இப்பப் போட்டா அது பிள்ளை மேலல்ல விழுகும்!” என்றாள் அவள். கடைசியில், தொட்டில் இருந்தால்தானே அது அதில் கிடக்கும், பிரித்துப் போட்டுவிடுங்கள் என்று யோசனை சொன்னாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முனீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு வருவதாகக் கார்த்திக்ராஜ் சொல்லியிருந்தான். தன் மகளை அந்தத் தொட்டிலில் போடுவதை நினைத்துப் பார்க்கவே ஈஸ்வரபாண்டியால் முடியவில்லை. ரோஷமாவது ஒன்றாவது. அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளனவே எழுந்து போல்ட்டைக் கழற்றினான். பசை போட்ட பொருத்துகளைக் கொட்டாப்புளிச் சுத்தியலால் தட்டிப் பெயர்த்தான். பார்த்துப் பார்த்துச் செய்ததைக் கையாலேயே உடைப்பது அழுகையாக வந்தது. பலகைகளைச் சுவரில் சாத்திவிட்டு, முடிந்தது சனியன் என்று படமெடுத்துக் குழுவில் போட்டான்.

பதில் வரவில்லை. மூன்று பேரும் பார்த்துவிட்டார்கள் என்று நீலக் குறி மட்டும் வந்தது. பிறகு சுருளியாண்டி வீடியோ காலில் வந்தார்.

“மாப்ள, பிரிச்சது சரி. பிள்ளையத் தரையில போட்டுட்டியேப்பா. வெறும் சிமெண்ட்டுத் தரை. கெடந்து கையக் கால ஆட்டுது. ஒரு துணியாச்சும் விரிக்கக்கூடாதா?”

ஈஸ்வரபாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்தான்.

“அங்கன இல்லலே. கதவுப் பக்கம். இன்னும் கொஞ்சம். ஏலே, ரம்பம் கெடக்கு பாரு, எடு எடு!”

ரம்பத்தைப் பிடுங்கி அந்தப்பக்கம் எறிந்தான். அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒரு பரிதாபம் எழுந்தது. தான்தான் ஆட்டினோம், தான்தான் பாடினோம். கூப்பிட்ட குரலுக்கு வந்தது. வந்ததைத் தரையில் போட்டாயிற்று. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக ஒரு பச்சைப்பிள்ளையை எறும்பு ஊறுகிற இடத்தில் விட்டுவிட முடியுமா? யாரால் முடிந்தாலும் முப்பத்தைந்து மைலுக்கு அப்பால் ஒரு பிள்ளை வைத்திருக்கிறவனால் முடியாது.

பிரித்த பலகைகளை மறுபடி அடித்துக் கோத்தான். அவசரத்தில் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பிறகு போனை மரம் இறுக்கும் வைஸில் செருகிவைத்து, அதன் முன்னால் மண்டிபோட்டுக் காற்றுக்குள் இரண்டு கையையும் நுழைத்தான்.

“தலையப் புடி, தலையப் புடி! பின்னால சாயுதுடா” என்று கத்தினார் சுருளியாண்டி. “ஆங், அப்படித்தான். மெல்ல.”

கனம் ஒன்றுமில்லை. முழங்கை மடிப்பில் மட்டும், வெயிலில் கிடந்த கல்லைத் தொட்டதுபோல் ஒரு சூடு. தொட்டிலில் இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தபோது சட்டையின் முன்பக்கம் ஈரமாக இருந்தது. வியர்வையாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சுருளியாண்டி மட்டும், “மூத்திரம் பேஞ்சுட்டான் பய” என்று சொல்லிச் சிரிக்க முயன்று, சிரிக்க முடியாமல் போனை வைத்துவிட்டார்.

வாசலில் கார் வந்து நின்றது. ஈஸ்வரபாண்டி கொட்டகைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஓடினான். தொட்டிலுக்கு மெழுகு காயவில்லை, இப்போதைக்குச் சேலையில் தூளி கட்டிக்கொள்ளலாம் என்று சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்தான். ஆரத்தி முடிந்தது. கார்த்திக்ராஜ் மூட்டை முடிச்சுகளை இறக்கிக்கொண்டிருந்தான். முனீஸ்வரி கொஞ்சம் உடம்பு வைத்து, முகம் தெளிந்து, அழகாக இருந்தாள். அவள் தோளில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பிறந்த அன்று பார்த்ததோடு சரி, பிறகு போனில் மட்டுமே தினமும் பார்த்த முகம். பார்த்த மாத்திரத்தில் ஈஸ்வரபாண்டிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“எங்க தொட்டில்?” என்றாள் முனீஸ்வரி.

“மெழுகு இன்னும் காயல. வந்ததும் வராததுமா என்ன, உள்ள வா, ஒக்காரு.”

அவள் உட்காரவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கவனித்தாள். பிறகு நேராகக் கொல்லைப்பக்கம் நடந்தாள். அவன் முன்னால் ஓடிப்போய்க் கொட்டகைக் கதவில் முதுகை வைத்து நின்றான்.

“கதவ ஏன் தாழ் போட்டுருக்கீக? உள்ள பிள்ளை இந்தக் கத்துக் கத்துது, நீங்க பாட்டுக்கு நிக்கிறீகளே!”

“உனக்கு... கேக்குதா?”

“ஏன், உங்களுக்குக் காது அடச்சுப் போச்சா? இவளப் புடிங்க.”

மகளை அவன் கையில் திணித்தாள். குழந்தையோடு மல்லுக்கட்ட முடியாமல் அவன் ஒதுங்க, அவள் தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தகரத்தின் இடுக்கு வழியே மதிய வெயில் கோடு கோடாக விழுந்திருந்தது. தொட்டில் அசையாமல் நின்றது. முனீஸ்வரி குனிந்தாள். ஒரு கையைக் கழுத்துக்குக் கீழேயும் ஒரு கையை இடுப்புக்குக் கீழேயும் கொடுத்து, பழகின தாயாகத் தூக்கினாள். அவள் ரவிக்கையில் பால் சுரந்து இரண்டு பக்கமும் நனைந்து பரவுவதை ஈஸ்வரபாண்டி பார்த்தான்.

“தொண்டை வறண்டுபோச்சு பாருங்க, பாவம். எத்தன நாளாக் கத்துச்சோ” என்றபடி மரச்சுருள் கிடந்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“முனீசு, அத வச்சுரு ஆத்தா” என்றான். “நம்ம பிள்ளை இங்கன இருக்கா. இவளப் பாரு.”

அவன் கையில் மகள் விழித்துக்கொண்டாள். பசி. வாயைத் திறந்து அவன் சட்டையில் அப்பக்கம் இப்பக்கம் தேடினாள். கிடைக்காமல் உதட்டைப் பிதுக்கினாள், பிறகு வீறிட்டு அழத் தொடங்கினாள். முகம் சிவந்து, மூச்சு முட்டி, இரண்டு கையையும் தாயை நோக்கி நீட்டி அழுதாள். ஈஸ்வரபாண்டி அவளைத் தூக்கிக்கொண்டு போய் மனைவியின் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

முனீஸ்வரி நிமிர்ந்து பார்க்கவில்லை. முந்தானைக்குள் குனிந்து எதையோ வருடிக்கொடுத்தபடி, யாரோ விருந்தாளிப் பிள்ளைக்குச் சமாதானம் சொல்வதுபோலச் சொன்னாள்.

“செத்த பொறுடி. அண்ணன் குடிச்சு முடிக்கட்டும்.”