நீர்க்காகம் கக்கிய மீன்

அமீரகத்தின் கோர்ஃபக்கானிலிருந்து திப்பா கடலில் மிதக்கும் கூண்டுகளுக்கு உயிருள்ள கொடுவா மீன் குஞ்சுகளைக் கொண்டுபோகும் படகில், மீன் டாக்டர் ஷியாமளா வைத்ததுதான் சட்டம். ஏறுகிறவர்கள் பூட்ஸோடு கிருமிநாசினியில் கால் நனைக்க வேண்டும். கம்பெனி மழைக்கோட்டுதான் போட வேண்டும். வெளி மீன் ஒரு செதில்கூட ஏறக் கூடாது. படகோட்டி செய்கு அலாவுதீன் காயல்பட்டினத்துக்காரர்; மனைவி ஜுலைஹா பீவி கட்டிக் கொடுத்த மீன் ஆணத்தைக்கூடக் கரையிலேயே விட்டுவிட்டு, வெறும் சோற்றோடு புறப்படுவார்.

அன்று பொது மேலாளர் பத்மநாபனும் வந்தார். விளம்பரத்துக்காகக் குஞ்சுகளோடு ஒரு போட்டோ எடுக்க வேண்டுமாம். கால் நனைக்கச் சொன்னதும் சிரித்தார். நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கிற மீனுக்கு இன்னும் என்ன சுத்தம் என்று கேட்டார். ஷியாமளா கிருமிநாசினித் தட்டைக் காட்டினார், பத்மநாபன் கால் நனைத்தார். மீதமிருந்த மழைக்கோட்டு ஒரு ராட்சதனுக்குத் தைத்தது. கைகள் முழங்கால் வரை தொங்கின. தலைமூடி முதுகில் கோணிப்பை மாதிரி வாய் பிளந்து கிடந்தது.

வழியில் வேறொரு பண்ணை. அங்கே மீன்களுக்குப் புண் நோய் வந்திருப்பதாகச் செய்தி. அதைத் தாண்டும் வரை வெளித் தண்ணீர் உள்ளே வராதபடி குழாய்களை அடைத்து, சிலிண்டரிலிருந்து குஞ்சுகளுக்குக் காற்று விடச் சொன்னார் ஷியாமளா. குஞ்சுகள் இருந்த தொட்டியின் மேல் வலையும் போர்த்தியாயிற்று. வலை போட்டோவில் அசிங்கமாகத் தெரிகிறது என்று பத்மநாபன் அதை ஓரமாக விலக்கினார்.

அந்த நேரம் பார்த்து அந்தப் பண்ணையிலிருந்து நீர்க்காகங்கள் கிளம்பி வந்தன. ஒன்று தலைக்கு மேலே பறந்தபடி, விழுங்கிய மீனைக் கக்கியது. தொப்பென்று சத்தம் கேட்டது. எங்கே விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

தொட்டிக்குள் விழுந்திருந்தால் குஞ்சுகளைக் கூண்டில் விடவே முடியாது. ஷியாமளா மண்டியிட்டுத் தண்ணீருக்குள் டார்ச் அடித்தார். அலாவுதீன் கயிற்றுக் குவியலைக் குடைந்தார். செய்த தப்பு உறைத்துப்போன பத்மநாபனும் தேடிக்கொண்டு தொட்டியருகே வந்தார்.

“சார், குனிஞ்சிராதீங்க,” என்றார் அலாவுதீன். “ஒங்க முதுகுப் பையில மீன் வால் தெரியுது.”

பத்மநாபன் சிலையானார். “உயிரோட இருக்கா?”

“பாதி செரிச்சிருச்சு சார்.”

ஷியாமளா அவரை நிமிர்ந்த நிலையிலேயே, கல்யாணப் பெண் நடப்பதைவிட மெதுவாக, பின்புறமாக நடத்திக் கொண்டுபோனார். மழைக்கோட்டைக் கழற்றி, மீனோடு பெரிய பிளாஸ்டிக் பையில் கட்டினார். கலாஸ், முடிந்தது என்று பெருமூச்சு விட்டார் அலாவுதீன். ஆனால் மீன்நீர் பத்மநாபனின் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியிருந்தது. இனி இவர் படகில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். தான் பொது மேலாளர் என்பதைப் பத்மநாபன் நினைவுபடுத்திப் பார்த்தார். கிருமிக்கு அது தெரியாது என்று பதில் வந்தது.

பின்னால் கட்டியிருந்த ரப்பர் படகில் அவரை இறக்கினார்கள். குலுக்காமல் ஓட்டுவதாக அலாவுதீன் வாக்குக் கொடுத்தார். நாற்றத்துக்கு வந்த நீர்க்காகங்கள் ரப்பர் படகின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டு வந்தன. முதலில் விரட்டினார். பிறகு, அவை மறுபடி எதையாவது கக்கிவிடுமோ என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

திப்பாவில் குஞ்சுகள் ஒன்றுகூடச் சாகாமல் கூண்டுக்குள் துள்ளி இறங்கின. கரைக்குப் போய்ப் பையைத் திறந்து மீனைப் பார்த்தபோது உடம்பெங்கும் புண். அதைக் கண்ட பத்மநாபன் மருந்துத் தெளிப்பானுக்கு முன்னால் தானாகவே வந்து கைகளை விரித்து நின்றார். காதுக்குப் பின்னாலும் அடிக்கச் சொன்னார்.

எல்லாம் முடிந்தும் போகத் தயங்கினார். “டாக்டர், வீட்ல பொண்ணு அனன்யா ரெண்டு கோல்ட் ஃபிஷ் வளர்க்கிறா. நான் உள்ள போகலாமா?”

சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத் தாராளமாகப் போகலாம் என்றார் ஷியாமளா. பத்மநாபன் திப்பாவிலேயே ஓர் ஓட்டலில் ரூம் போட்டுக் குளித்துவிட்டுத்தான் ஷார்ஜாவுக்குக் கார் ஏறினார்.