இறைச்சிக்கு அடியில் கிடந்த இலை

நியோகாபிக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும். வண்டி ஓட்டுகிறவர்களைத்தான் பிடிக்காது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நெடுந்தூரம் தனியாகப் போகும் பெண்ணிடம் பெட்ரோல் போடுகிறவன்கூட "புருஷன் எங்கே?" என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய்த்தான் 'இடிமுழக்கம்' என்ற கார் ஓட்டுவோர் குழுவில் சேர்ந்தாள்.

நக்குரு நகரத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் பிறத்தியார் ரத்தத்தைக் குழாய்களில் வைத்துப் பார்ப்பது அவள் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது அந்த நீல சுபாரு கார். பழையது, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும். வளைவுக்குள் நுழையும்போது கியரைக் குறைத்து, பாதியில் காலை மெல்ல அழுத்தினால், நாலு சக்கரமும் சேர்ந்து தரையைக் கவ்வும். அந்தக் கணத்தில் அவளுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் குரல் நின்றுவிடும். அந்த மௌனத்துக்காகத்தான் குழுக்காரர்களைப் பொறுத்துக்கொண்டிருந்தாள். சன்னலுக்கு வெளியே பறக்கும் பீர்ப் புட்டிகளை, ஊருக்குள் நுழைந்ததும் துப்பாக்கி வெடிப்பதுபோல் புகைக்குழாயை வெடிக்கவிட்டுக் குழந்தைகளை அலறவைப்பதை, எல்லாவற்றையும்.

இன்று இட்டேன் ஊரிலிருந்து கெரியோ பள்ளத்தாக்குக்கு இறங்கும் மலைச்சாலை. அவள் வெகுநாளாகக் கனவு கண்ட சாலை. குழுத்தலைவன் முவெண்டா தேநீர்க் கடை வாசலில் போதை தரும் மிரா இலையை மென்றபடி அவளைக் கூப்பிட்டான். நிலத் தரகன். பேச்சுக்குப் பேச்சு பச்சையாகத் துப்புவான். துப்பியது இப்போது அவள் வண்டிச் சக்கரத்தின் மேலேயே விழுந்து வழிந்தது.

"மேடம், இன்னிக்கு நீதான் மொத வண்டி. கண்ணாடியில மூஞ்சி பாத்துட்டு எங்கள மலைக்குக் கீழ தள்ளிடாத."

"நீ கண்ணாடி பாக்காம இருந்தாலே போதும் தலைவரே. ரோடு தப்பிச்சிரும்."

ஒளிப்படக்காரன் ஓடேரோ கைகொட்டிச் சிரித்தான். "அடி தலைவருக்கே!"

முதல் வண்டிக்கு ஒரு கடமை உண்டு. முன்னால் என்ன கண்டாலும் கையடக்க வானொலிக் கருவியில் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். பாதி மலை இறங்கியதும் நியோகாபி சொன்னாள்: "இலை கிடக்கு. மெதுவா வாங்க."

சாலையின் இடப்பக்கத்தில் இலைக்கொத்துகள் கிடந்தன. ஒன்று, சற்றுத் தள்ளி இன்னொன்று, பிறகு வளைவு வரை வரிசையாக. இந்த நாட்டில் ஸ்டியரிங் பிடித்த எவருக்கும் அதன் பொருள் தெரியும். வளைவுக்கு அந்தப்பக்கம் ஒரு வண்டி பழுதாகிப் படுத்துக் கிடக்கிறது, வேகத்தைக் குறை. கடைசிக் கொத்தில் வெங்காயச் சாக்கின் சிவப்பு வலைத்துண்டு ஒன்று கட்டியிருந்தது. போட்டவன் கவனமான ஆள் என்று நினைத்துக்கொண்டாள்.

வளைவின் ஓரத்தில், பள்ளத்தாக்கைப் பார்க்க எல்லோரும் நிறுத்தும் அகலமான இடம் இருந்தது. ஐந்து வண்டிகளும் நின்றன. கதவுகள் திறக்க ஐந்து விதமான பாட்டு ஒன்றோடொன்று மோதிக்கொண்டது. அவள் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு வளைவைத் தாண்டி நடந்தாள்.

மாவு மூட்டை ஏற்றிய லாரி. பின்சக்கரம் ஒன்று கழற்றிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் சாலைக்குள் நீண்டிருந்தன, டயர் ரப்பரில் வெட்டிய செருப்போடு.

"யாரது?"

"வழியில போறவதான் ஐயா. தண்ணி வேணுமா?"

"கடவுள் உன்ன நல்லா வெக்கட்டும். அப்படியே தலப்பக்கம் உருட்டி விடு மா. பேரிங் போச்சு. இந்தப் பராசாவோட லாரிய மலையில பாக்கலேன்னா இந்த மலைக்கே தூக்கம் வராது." அடியிலிருந்து சிரிப்பு வந்தது. பிறகு குரல் மாறியது. "மேல இலை கிடக்கா? காத்துல போயிடலையே?"

"இருக்கு. இப்பத்தான் பாத்துட்டு வர்றேன்."

"அப்ப சரி. அது இருக்குங்கற தைரியத்துலதான் கால வெளிய நீட்டிப் படுத்திருக்கேன்."

அவள் திரும்பி வந்தபோது ஓடேரோ பாறைமேல் ஏறிக் கோணம் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, நீங்க மொதல்ல எறங்குங்க. பாலத்துக்கிட்ட ஆடு வாட்டச் சொல்லியாச்சு. நாங்க இந்த வளைவுல நாலு வாட்டி சறுக்கிப் படம் எடுத்துட்டு வந்துடுறோம்."

"வளைவைத் தாண்டிப் போகாதீங்க. லாரிக்கு அடியில ஆள் இருக்கான்."

"தாண்ட மாட்டோம். சத்தியம்."

இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம். ஆனால் கீழே சாலை காலியாக, கறுப்பாக, மடிந்து மடிந்து கிடந்தது. முன்னாலும் பின்னாலும் எவனும் இல்லாத சாலை. அவள் சாவியைத் திருகினாள்.

பாலத்தடிக்கு வந்து சேரும்வரை நெஞ்சில் ஒரு சொல்கூட எழவில்லை.

மற்றவர்கள் வருவதற்குள் இறைச்சி வெந்துவிட்டது. முவெண்டா தன் வண்டியின் முன்மூடியின்மேல் பச்சை இலைக்கொத்துகளைப் பரப்பினான்; வாட்டுகிறவன் விலாவையும் தொடையையும் அதன்மேல் கொட்டி வெட்டினான். உப்பு, சோளமாவில் கிண்டிய உகாலி உருண்டை, வெங்காயமும் தக்காளியும். எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. கொழுப்பு வடிந்து வண்டியின் வெள்ளைச் சாயத்தில் கோடு போட்டது. வாய் நிறைய வைத்துக்கொண்டே பேசினார்கள், பேசிக்கொண்டே சிரித்தார்கள். தெறித்தது யார்மேல் விழுந்தாலும் யாரும் துடைக்கவில்லை. நியோகாபிக்குப் பசி. ஒரு விலாத்துண்டை எடுத்துக் கடித்தாள்.

துண்டு இருந்த இடத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. ரத்தம் என்று நினைத்தாள். விரலால் தள்ளினாள். வெங்காயச் சாக்கின் வலை.

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"இந்த இலை எங்கேருந்து வந்துச்சு?"

"மலையிலேருந்துதான். இங்க கள்ளிய விட்டா என்ன இருக்கு?" என்றான் முவெண்டா. "தட்டு எடுத்துட்டு வரல. ரோட்டுல சும்மா கெடந்துச்சு."

"படத்துல குப்பையாத் தெரிஞ்சுது அக்கா," என்று ஓடேரோ தன் கைப்பேசியை நீட்டினான். அதன் திரையில் கொழுப்பு விரல் தடம். அதற்கு அடியில் அந்த வளைவு, துடைத்துவிட்டதுபோல் கறுப்பாக, அழகாக. வெள்ளை வண்டி புகை கக்கிச் சறுக்கிக்கொண்டு வந்தது. "பாருங்க, எவ்வளவு சுத்தம்! பாதிய பள்ளத்துல தள்ளிட்டோம். பாதி இங்க விருந்துக்கு வந்துடுச்சு."

"சமூக சேவை," என்றான் முவெண்டா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அவன் லாரிக்கு அடியில கிடக்கான். இலை இருக்குன்னு நான் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"எந்திரிச்சு வேற ஒடிச்சுப் போடுவான். மலையில மரத்துக்கா பஞ்சம்? நீ சாப்பிடு மேடம், ஆறினா ரப்பராயிடும்."

அவள் வாயிலிருந்ததைக் கையில் துப்பினாள்.

"ஐயோ, செத்த ஆட்ட அவமானப்படுத்தாதீங்க அக்கா!"

சிவப்புத் துண்டு கட்டியிருந்த கொத்தைப் பிடித்து உருவினாள். விலாவும் தொடையும் சரிந்து புழுதியில் விழுந்தன. "ஏய்! பைத்தியம் புடிச்சிருச்சா உனக்கு?" என்ற முவெண்டாவின் வாயோரத்தில் ஒரு இறைச்சி நரம்பு தொங்கிக்கொண்டிருந்தது. 

இலைக்கொத்தைப் பக்கத்து இருக்கையில் எறிந்துவிட்டு மலையேறினாள்.

அப்படி ஒருநாளும் அவள் ஓட்டியதில்லை. ஒவ்வொரு வளைவும் தானே வந்து கைக்குள் பொருந்தியது. எஞ்சின் கேட்டதைக் கொடுத்தது. நாலு சக்கரமும் கவ்வும்போது உடம்பில் வழக்கமான அந்த இன்பம் எழுந்தது. ஒருவன் கால்களை நினைத்துப் பதறிக்கொண்டிருக்கும்போதே எழுந்தது. அவள் கைகளைப் பார்த்தாள். அவை மகிழ்ச்சியாக இருந்தன. கொழுப்பு பூசிய அந்த விரல்களை அறுத்தெறியலாம்போல் இருந்தது. வெள்ளை வண்டியில் சறுக்கியவனுக்கும் இதே இன்பம்தானே எழுந்திருக்கும்? இருக்கையில் கொழுப்பு மெல்ல ஊறிப் பரவியது.

லாரிக்குக் கொஞ்சம் கீழேயே சாலையில் டயர் தேய்ந்த கரிய கோடுகள் தெரிந்தன. மேலிருந்து வந்து, லாரியை ஒட்டி விலகி, எதிர்ப்பக்கம் பாய்ந்து, பள்ளத்தின் விளிம்பில் போய் மீண்டிருந்தன. லாரிக்கு அடியில் கால்கள் இல்லை.

பராசா மண்மேட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் மட்டும் செருப்பு. இன்னொன்று சாலையில் தட்டையாகக் கிடந்தது.

"பஸ்ஸு," என்றார். "சத்தம் கேட்டுக் கால இழுத்துக்கிட்டேன். செருப்பு வரல."

 நியோகாபி கையிலிருந்த கொத்தை நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பார்த்தார், சிவப்புத் துண்டைப் பார்த்தார், முகர்ந்தார்.

"ஆட்டிறைச்சி," என்றார்.

"ஐயா, நான் பாத்தப்ப..."

"நீ பாத்தப்ப இருந்திருக்கும். நீ பொய் சொல்லல, தெரியுது. நீ போனப்புறம் மேல வண்டிச் சத்தமும் சிரிப்பும் கேட்டுச்சு. புள்ளைங்க சந்தோஷமா இருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்." கொத்தைப் பள்ளத்தில் எறிந்துவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்தார்.

அவள் சரிவில் ஏறிப் புதிதாகக் கிளைகளை ஒடித்தாள். உள்ளங்கை கிழிந்தது. வளைவுக்கு மேலே, முன்பு கிடந்ததுபோலவே வரிசையாகப் போட்டுவிட்டு வந்து சொன்னாள்: "போட்டாச்சு. நீங்க வேலையப் பாருங்க."

அவர் அசையவில்லை. "இலைய நம்பி ஒரு தடவ படுத்தாச்சு மா."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளத்தாக்கில் எங்கோ ஆட்டுமணி கேட்டு நின்றது. பிறகு அவள் எழுந்துபோய்த் தன் வண்டியை எடுத்தாள். வளைவைத் தாண்டி மேலே போய், இலைகள் முடியும் இடத்தில், இடப்பாதையின் நட்டநடுவில் குறுக்காக நிறுத்தினாள். விளக்குகளை மினுக்கவிட்டாள். கவனமில்லாமல் வருகிற எவனும் முதலில் அதில்தான் மோத வேண்டும். இறங்கும்போது நீலச் சாயத்தில் ஒருமுறை கையை வைத்தாள், எடுத்தாள்.

பராசா பின்னாலேயே ஏறி வந்து வளைவில் நின்றிருந்தார். "அது உன் காருதான?"

"ஆமா."

"கடனா வாங்கிட்டு வந்தது இல்லையே?"

"என்னோடது."

"அப்ப சரி." ஒற்றைச் செருப்போடு இறங்கிப் போய் லாரிக்கு அடியில் நுழைந்தார்.

நியோகாபி மண்மேட்டில் உட்கார்ந்தாள். மேலே அவள் வண்டிக்குள் கையடக்கக் கருவி கரகரத்தது. முவெண்டாவின் குரல்: "மொத வண்டி எங்க? மேடம், மிச்ச கறிக்கு வேற இலை கொண்டாருவியா?" பின்னால் சிரிப்பு. பாலத்தடி வரை எட்டும் அந்தக் கருவியை வாங்கித் தந்தவளே அவள்தான்.

மண்ணை அள்ளி விரல்களைத் தேய்த்தாள். முகர்ந்து பார்த்தாள். கொழுப்பு வாடை போகவில்லை.

அப்போது மலைக்கு மேலே ஒரு கனத்த வண்டி இறங்கும் ஒலி கேட்டது. சுமையோடு வருகிறது, உயர்ந்த கியர், ஓட்டுகிறவனுக்கு இந்தச் சாலை பிடித்திருக்கிறது. அவன் எந்த இடத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடம் கடந்தது. அவள் மூச்சு விடவில்லை.

கியர் இறங்கியது. மறுபடியும் இறங்கியது. வண்டியின் வேகம் அடங்கியது.

லாரிக்கு அடியில் சுத்தியல் ஒருகணம் நின்று, திரும்பவும் தட்டத் தொடங்கியது.