குளிரில் இழுபடும் விரல்கள்

…இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் போன் இப்படியே கக்கத்துக்குள் இருக்கட்டும், காலை ஆறரைக்குத்தானே மகளின் பள்ளி விடுதியில் பிள்ளைகள் கையில் போனைக் கொடுப்பார்கள், அதுவரைக்கும் சூடு பிடித்தால் போதும், என்னைப் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், ஜெயலெட்சுமிக்குக் காய்ச்சல் பார்க்க இவ்வளவு பெரிய கருவியா என்று, சிரித்துவிட்டுப் போகட்டும், தை மாதப் பனியில் இந்தத் தண்ணித் தொட்டி மேட்டுக்கு என்னைத் தவிர எந்தப் பைத்தியம் வரும்... தோட்டத்து லயத்து வீட்டில் சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது, இங்கே மூன்று கோடு, அதற்காகவே இந்த மேட்டுக்கு ஒரு சூடம் கொளுத்தலாம். என் போனுக்குக் குளிர் ஆகாது. போன ஞாயிறு இதே தொட்டிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பேசினேன், ஹம்சினி கையை அசைக்க அசைக்க விரலுக்குப் பின்னால் இன்னொரு விரல் வால் மாதிரி இழுபட்டுக்கொண்டே வந்தது. பிறந்ததிலிருந்து காது கேட்காத பிள்ளை, கையால்தான் பேசுவாள், விரல் தெரியவில்லை என்றால் எனக்கு என் மகளின் பேச்சே இல்லை. அன்றைக்கு ஏதோ அவசர அவசரமாக, முகமெல்லாம் சந்தோஷமாகச் சொன்னாள், விளங்கிச்சா என்று கேட்டாள், நான் பெரிதாகத் தலையை ஆட்டினேன். பொய். ஒரு வாரமாக அந்தப் பொய் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது, என்ன சொல்லியிருப்பாள், பரீட்சையா, விளையாட்டுப் போட்டியா, வயிற்று வலி என்று சொல்லியிருந்தால்? சந்தோஷமாக யாராவது வயிற்று வலியைச் சொல்வார்களா, போடி.

எல்லாம் நான் செய்த கூத்துதான். நல்ல திரை இருந்த போனை, மழையில் நனையக்கூடாது என்று தேயிலைக் கொழுந்துச் சாக்குக்குள் இலையோடு இலையாக அமுக்கி வைத்தேன், ஊரில் யாராவது செய்வார்களா, நாங்கள்தான் செய்வோம், இடுப்பில் கட்டிய படங்குத் துணி நனைந்துவிட்டது, தலையும் நனைந்துவிட்டது, காய்ந்து கிடந்தது சாக்கின் அடி மட்டும்தான். மத்தியான நிறுவைக்கு மழையோடு மழையாக ஓடினோம், கங்காணி சாக்கைத் தராசில் மாட்டினார், அப்படியே லொறியில் எறிந்தார்கள், அதற்கு மேல் இருபது சாக்கு. ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்கிற என் வீட்டுக்காரர் இராமையாதான் இலை பரப்பும்போது கண்டெடுத்தார், கண்ணாடி நொறுங்கி, உள்ளே உயிர் மட்டும் துடித்துக்கொண்டு. திட்டவில்லை அந்த மனுஷன். "பறிச்சதுல இதுதான் பெரிய கொழுந்து"ன்னு சொல்லிக் கையில் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்கு ஏழு ஜென்மம் சோறாக்கலாம், ஆறு என்று வைத்துக்கொள்வோம்.

தலவாக்கலையில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற தர்ஷனையும் சும்மா சொல்லக்கூடாது, மலிவான திரையைப் போட்டுவிட்டு ஒரிஜினல் என்று சொல்லியிருந்தால் எனக்கு என்ன தெரியும்? உள்ளதைச் சொன்னான். "அக்கா, இது காப்பி எல்சிடி. பின்னாடி ஒரு லைட்டு எந்நேரமும் எரியும், சார்ஜ் சீக்கிரம் எறங்கும், குளிருக்குச் சோம்பேறி. ஒடஞ்ச பழசு ஓலெட்டு, அதுல ஒவ்வொரு புள்ளியும் தானா எரிஞ்சு தானா அணையும், வெயில்லயும் தெரியும், ஆனா ஒரே படத்த ரொம்ப நேரம் வச்சிருந்தா தழும்பு விழுந்துரும்." இன்னொரு போனிலிருந்து கழற்றிய ஓலெட் ஒன்று வைத்திருக்கிறான், இன்றைக்குச் சாயந்தரம் வரைக்கும் எனக்காக. அதில் யாரோ தட்டித் தட்டி எழுத்துப் பலகை அப்படியே மங்கலாகப் பதிந்திருக்கிறது, அதைப் போட்டால் ஹம்சினியின் தாடைக்குக் கீழே எவனோ ஒருவனுடைய எழுத்துகள் வரிசையாக நிற்கும், சகிக்கலாமா? சகிக்கலாம். அட்டை கடித்த தழும்பு என் காலில் எத்தனை, அதோடுதானே நடக்கிறேன்... ஆனால் பழைய திரையை இருட்டில் வெளிச்சம் குறைத்துப் பார்த்தால் நெற்றிப்பொட்டு தெறிக்கும், இந்தச் சோம்பேறியில் அந்தத் தலைவலி இல்லை, அதையும் சொல்ல வேண்டும்தானே. அந்த ஓலெட்டுக்கு விலையும் இல்லாத விலை. ஒன்றில் குளிர், ஒன்றில் தழும்பு, எதை எடுப்பது, முருகா, ஏழு மணி தலவாக்கலை பஸ்ஸுக்குள் ஒரு முடிவு சொல்லு.

மணி அடிக்கிறது, அவள்தான், தொட்டி நிழலில் சாய்த்து வை, சாயாதே சனியனே, நில்... நின்றது. என்ன தெளிவு! கக்கத்துச் சூடு வேலை செய்திருக்கிறது, என் பிள்ளையின் முகம், எண்ணெய் வைத்து வாரிய தலை. அப்பா எங்கே என்று மீசையை முறுக்கிக் காட்டினாள், பள்ளியில் அப்பாவுக்கு வேறு சைகையாம், எனக்கு மட்டும் இந்த மீசை. தூங்குகிறார் என்றேன். சாப்பிட்டாயா என்றேன், ரொட்டி என்றாள், கல் மாதிரி என்றாள், எல்லாம் விளங்கியது, ஒன்றுவிடாமல். பார்த்தாயா, சூடாக வைத்திருந்தால் இந்தத் திரையே போதும், வீணாக அலைந்தேன் என்று மனசு குளிர்ந்துபோனது. அப்போது அவள் அறைத்தோழி தனுஜா உள்ளே வந்து ஏதோ கேட்டாள், இவள் திரும்பிப் பதில் சொன்னாள், நாலு கையும் கிளம்பியது பாருங்கள், மழைக்கு முந்தி ஈசல் பறக்கிற மாதிரி, சிரிப்பு வேறு. ஒரு விரலுக்குப் பின்னாலும் வால் இல்லை. தனுஜாவின் நகத்து மருதாணிகூடத் தெரிந்தது. எனக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை.

திரையில் கோளாறே இல்லையே... ஹம்சினி என் பக்கம் திரும்பினாள், அவள் கை இறங்கியது, எனக்காக நிதானமானது, பழைய கை. இப்போதுதான் அதைப் பார்க்கிறேன், இத்தனை நாள் அதுதான் அவளுடைய கை என்று இருந்தேன். மனசைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன், போன வாரம் நீ சொன்னது எனக்கு விளங்கவில்லை, பொய்க்குத் தலையாட்டினேன், திரும்பச் சொல். அவள் கோபிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்: புதிதாகச் சேர்ந்த சின்னப் பிள்ளைகளுக்குக் கைப்பேச்சு சொல்லிக்கொடுக்க என்னைத்தான் போட்டிருக்கிறார்கள், இவ்வளவு பொறுமையாகப் பேச எங்கே பழகினாய் என்று டீச்சர் கேட்டார், அம்மாவிடம் பேசிப் பேசிப் பழகியது என்றேன், என்றாள். சொல்லிவிட்டு அன்றைக்குப் போலவே முகமெல்லாம் சிரிப்பு. பெருமைதான், கடவுளே, எவ்வளவு பெருமை, யாருக்கு நன்றி சொல்வேன், கண் நிறைந்து இப்போது திரை உண்மையாகவே கலங்கித் தெரிகிறது... கீழே பஸ் ஹோர்ன் அடிக்கிறது, தர்ஷனிடம் போய் எதைக் கேட்பது என்று தெரியவில்லை, அப்படியென்றால் அவளிடம் படித்த முதல் சின்னப் பிள்ளை நான்தானா, இத்தனை வருஷமாக இன்னும் முதலாம் வகுப்பிலேயேவா இருக்கிறேன்?