பெரிய மச்சானின் கை

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்போதுதான் செய்யது அபுதாஹிர் முதுகைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்துகிறவர். எழுபதை நெருங்கியும் சிகரெட்டை விடாதவர். அவர் மனைவி சபுரா பதறிப்போய்ப் பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் யோகேஸ்வரி அவளைத் தனியே அழைத்தார்.

"வயித்துல ஓடுற பெரிய ரத்தக்குழாய் வீங்கி வெடிச்சிருக்கும்மா. கசிஞ்ச ரத்தமே உறைஞ்சு ஓட்டையை அடைச்சு நிக்குது. மதுரையில ஆபரேஷனுக்குச் சொல்லிட்டேன், உடனே கிளம்புங்க."

"பிரஷர் இம்புட்டு குறைவா இருக்கே, குளுக்கோஸ் ஏத்தலையா?"

"நிறைய ஏத்துனா ரத்தத்தோட வேகம் கூடி அடைப்பு பிச்சுக்கிடும். நினைவோட இருக்காரு, அதுதான் நம்பிக்கை. பேச்சு கொடுத்துக்கிட்டே போங்க."

ஆம்புலன்ஸ் திருத்தங்கல்லைத் தாண்டியபோது அவர் முனகல் நின்றது. முகம் தெளிந்தது.

"சபுரா, வலி போயிருச்சு. அண்ணன் வந்திருக்காக."

அவள் பெரிய மச்சான் என்று கூப்பிட்ட அந்த அண்ணன் மௌத்தாகிப் பல வருஷமாயிற்று. தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்துகொண்டிருந்தவர் வயிற்றைப் பிடித்தபடி விழுந்தார்; மாரடைப்பு என்று அடக்கிவிட்டார்கள்.

"எங்கன இருக்காக?"

"இங்கனதான். என் வயித்தைக் கையால அமுக்கிக்கிட்டிருக்காக. கை ஐஸ் மாதிரி இருக்கு."

வெளியே உச்சிவெயிலில் கானல் ஓடியது. சபுரா போர்வைமேல் லேசாக விரலை வைத்தாள். ஓரிடம் மட்டும் குளிர்ந்து கிடந்தது.

விருதுநகர் தாண்டியதும் அவர் குரல் இறங்கியது. "கை வலிக்குதாம். எடுக்கப்போறேன்னு சொல்றாக."

சபுராவுக்கு அழுகை வரவில்லை. ஸ்ட்ரெச்சருக்கு அந்தப் பக்கம் இருந்த வெறும் இடத்தைப் பார்த்துப் பேசினாள்.

"மச்சான், இம்புட்டு தூரம் வந்துட்டீக. மதுரை வந்துரும். அதுவரைக்கும் எடுத்துராதீக."

உடன் வந்த நர்ஸ் வெலவெலத்துப்போய் அவளைப் பார்த்தாள்.

"சரின்னுட்டாக," என்றார் அபுதாஹிர்.

மதுரையில் ஆபரேஷன் மேசையில் வயிற்றைத் திறந்த மறுகணம் அடைப்பு விட்டது. அதற்குள் சர்ஜன் குழாயை இறுக்கிப் பிடித்துவிட்டார். கிட்னி நின்றுபோய் டயாலிசிஸில் கிடந்து, மெல்ல மெல்லப் பிழைத்தார் அபுதாஹிர். வழியில் பேசியது எதுவும் அவருக்கு நினைவில்லை.

"இந்த வீக்கம் ரத்த சொந்தத்துல வரலாம். குடும்பத்துல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று சர்ஜன் கேட்டார். சபுரா பெரிய மச்சானின் சாவைச் சொன்னாள்.

மச்சானின் மகன் சாபிருக்கு ஐம்பது வயது. அவனை அவளே ஸ்கேனுக்கு இழுத்துப்போனாள். அவனுக்கும் வீக்கம் தொடங்கியிருந்தது. சின்னதுதான், சிகரெட்டை விட்டுவிட்டு அடிக்கடி வந்து காட்டச் சொன்னார்கள்.

"என்னைப் பெத்த அத்தாவுக்கும் இதுதான்னு உங்களுக்கு எப்பிடி சின்னம்மா தோணுச்சு?" என்று ஊர் திரும்ப பஸ்ஸுக்கு நிற்கும்போது சாபிர் கேட்டான்.

அன்று போர்வைமேல் தொட்ட குளிர் அவள் விரலில் இன்னும் இருந்தது.

"பஸ் வந்துருச்சு, ஏறு," என்றாள்.